ரெண்டு நாள் சி.எல்.

ஐந்து வாரமாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. கவனித்தீர்களா என்று கேட்கப் போவதில்லை. 'அப்படியா?' என்று யாராவது உண்மையைச் சொல்லிவிட்டால் இந்த வயதில் தாங்காது. ஆபீஸ் வாசல் டீக்கடைக்காரர் மட்டும், "என்னா சார், புக்குல ஆளையே காணோம். எதுனா தகராறா?" என்று விசாரித்தார். தகராறெல்லாம் இல்லை. எழுத உட்காருவேன், வேறு ஏதோ ஞாபகம் வரும், பேனாவை மூடிவிடுவேன். அந்த 'வேறு ஏதோ'வையே எழுதிவிட்டால் என்ன என்று இந்த வாரம் தோன்றியது.

அதற்கு முன்னால் பாக்கிக் கணக்கை மளமளவென்று முடித்துவிடுகிறேன். ஒரு கடைவாய்ப் பல் போய்விட்டது. பிடுங்கிய டாக்டருக்கு என் பையனைவிட நாலைந்து வயது கூட இருக்கும். "வலிக்காது அங்கிள்" என்றார். (வலித்தது.) ஆபீஸில் என் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து தூக்கி ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். "சீனியர் நீங்க பக்கத்துல இருந்தா பேப்பர் வேஸ்ட் ஆகாது சார்" என்று அதற்கு ஒரு மரியாதை வேறு. பையன் மூன்றாவது வருஷத்துக்குப் போய்விட்டான், அதாவது ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மனைவி யோகா வகுப்பில் சேர்ந்தாள். நான்கு நாள் போனாள். ஐந்தாம் நாளிலிருந்து அந்தப் பாயில் நான் படுத்துக்கொள்கிறேன். நல்ல பாய்.

இனி விஷயம்.

2025 ஜூன் கடைசியில் எங்கள் செக்‌ஷன் பையன் ஒருவனுக்கு விழுப்புரத்தில் கல்யாணம். முன்னெல்லாம் கோயம்பேட்டில் பஸ் ஏறிக் கண்ணை மூடினால் விழுப்புரம் வந்துவிடும். 2023 டிசம்பர் 30-ந் தேதி கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து, வடசென்னைக்காரன் முதலில் கிளாம்பாக்கம் என்கிற வெளியூருக்குப் போய், அங்கிருந்து இன்னொரு வெளியூருக்குப் போகிறான். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடித்துவிட்டோம்.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலை, போன வருஷம் வேலைக்குச் சேர்ந்த பையன். வலது கையால் சாம்பார் சாதம், இடது கையில் செல்போன். "சார், இதப் பாருங்க" என்று நீட்டினான். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போகிறது. ஜன்னலுக்கு வெளியே நீலமாகக் கடல். பின்னால் ஏதோ சினிமா மியூசிக். பதினைந்து செகண்டுதான். "போன மாசம் ஃப்ரெண்ட்ஸோட போனேன். செமையா இருந்துச்சு. நீங்க போயிட்டீங்களா சார்?"

"போகணும்ப்பா" என்றேன். அப்போது இலையில் பாயசம் விட்டார்கள். அதை நான் சாப்பிடவில்லை.

பையன் மேல் ஒரு குற்றமும் இல்லை. போகணும் என்று நினைத்தான், வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினான், திங்கட்கிழமை டாண் என்று பத்து மணிக்கு ஆபீஸில் இருந்தான். அதே பாலத்தை அதே மாதிரி ரயிலில் தாண்டிப் பார்க்கணும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தி ஐம்பது வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் அம்மா.

அப்பாவுக்கு ஆர்.எம்.எஸ்ஸில் வேலை. ரயில்வே மெயில் சர்வீஸ் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். ரயிலோடு ஒரு தபால் வேன் ஓடும். உள்ளே சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரி தட்டுகள். நாலைந்து பேர் நின்றுகொண்டே கடிதங்களின் விலாசத்தைப் பார்த்து ஊர் ஊராகப் பிரித்துப் போடுவார்கள். ரயில் அடுத்த ஸ்டேஷனுக்குள் நுழைவதற்குள் அந்த ஊர்ப் பையைக் கட்டி அரக்கு வைத்தாக வேண்டும். கொஞ்சம் கூடுதல் தபால்தலை ஒட்டினால் பிளாட்பாரத்தில் நிற்கிற வேனிலேயே கடிதத்தைப் போடலாம், 'லேட் ஃபீ' என்று பெயர். அந்த வேனில் அப்பா சார்ட்டர். வாழ்க்கையில் பாதி நாள் ரயிலில்தான் கழிந்தது. ஆனால் தபால் இலாகா ஆள் என்பதால் ரயில்வே பாஸ் கிடையாது. பெண்டாட்டியை ரயிலில் கூட்டிப் போவதென்றால் எல்லாரையும் போலக் காசு கொடுத்துத்தான் டிக்கெட்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. பாம்பன் பாலத்தையும் குதறிப் போட்டது. 1914-ல் திறந்த பாலம் அது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் 46 நாளில் அதைச் சரி பண்ணினார். பிற்பாடு கொங்கண் ரயில், டில்லி மெட்ரோ எல்லாம் போட்டாரே, அவரேதான். பாலத்தில் மறுபடி ரயில் ஓடிய 1965-ல் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணம் ஆன புதிதில் ஏழெட்டு வருஷம் அவருக்கு ராமேஸ்வரம் லைனில்தான் டூட்டி.

டூட்டி முடிந்து மதுரைக்கு வந்தால் அம்மாவுக்குச் சங்கு, சோழி என்று ஏதாவது கொண்டுவருவார். கூடவே பாலத்தைப் பற்றி ஒரு கதையும். "பாலத்துல ஏறினதும் சக்கரச் சத்தம் மாறும் பாரு. தரையில தடக் தடக்னு வர்றது, பாலத்துல தொம் தொம்னு கேக்கும். உப்புக்காத்து உள்ள வந்து தபாலெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்." அம்மாவுக்கு இதைக் கேட்டுக் கேட்டே ஆசை பிடித்துக்கொண்டது.

"கூட்டிட்டுப் போங்களேன்."

"போவோம் போவோம்."

என்ன போவோம்? மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம். "ரிட்டயராகட்டும், ஒரு மாசம் அங்கேயே தங்குவோம்" என்பது வரை வாக்குறுதி வளர்ந்தது. 2003-ல் ரிட்டயரானார். முழங்கால் வலி வந்தது. மீட்டர்கேஜை அகலப்பாதையாக்குகிறோம் என்று கொஞ்ச காலம் ரயிலை நிறுத்தினார்கள். 2007-ல் அகலப்பாதையில் ரயில் வந்தது. அதற்குள் அம்மா தன் மனுவை அப்பாவிடமிருந்து வாபஸ் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டாள்.

"பஸ்ஸுல போயிட்டு வரலாமேம்மா. பக்கத்துலயே ரோட்டுப் பாலம் இருக்கு, 1988-லயே திறந்தாச்சு" என்று ஒரு தடவை சொன்னேன்.

"பஸ்ஸுல ஊரே போகுது. உங்கப்பா போன ரயில்ல போகணும்டா."

நான் அக்கவுன்ட்ஸ் ஆள். எதற்கும் என்னிடம் வவுச்சர் இருக்கும். ஒவ்வொரு வருஷமும் போகாததற்கும் இருந்தது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கேஷ் கணக்கு அல்லோலகல்லோலம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது, ஜூலையிலிருந்து ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. 2018-ல் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். 2019-ல் ஆடிட். 2020 மார்ச்சில் நாட்டில் ஓடுகிற ரயிலே நின்றுபோனது. அந்த ஒரு வருஷம்தான் காரணம் என்னுடையது இல்லை. 2022-ல் பையனுக்குப் பிளஸ் டூ தொடங்கிவிட்டது. "மார்ச்ல பரீட்சை முடிஞ்சதும் நிச்சயம்மா" என்றேன். டிசம்பரில் பாம்பன் பாலம் பழசாகிவிட்டது, பாதுகாப்பில்லை என்று ரயிலை அடியோடு நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் கட்டி முடிக்கிற வரைக்கும் மண்டபத்தோடு சரி.

"கட்டட்டும்டா. புதுசுல போவோம்" என்றாள் அம்மா. கோபமே இல்லாமல் சொன்னாள்.

2024 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டாள்.

அஸ்தி கரைக்க மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் காரில் போனோம். அம்மா கடைசியில் பாம்பனைத் தாண்டினாள்; ரோட்டுப் பாலத்தில், என் மடியில், மஞ்சள் துணி கட்டிய சின்னப் பானையில். நடுப் பாலத்தில் வண்டிகளை ஓரங்கட்டி எல்லாரும் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரயில் இல்லாத பழைய பாலம். அதை ஒட்டிப் பாதி கட்டிய புதுப் பாலம். "நிறுத்தவா சார், போட்டோ எடுப்பாங்க எல்லாரும்" என்றார் டிரைவர். முன் சீட்டிலிருந்த அப்பா தலையைத் திருப்பவில்லை. "வேணாம். போப்பா" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் ராமேஸ்வரம் பேச்சை எடுக்கவில்லை. 2025 ஏப்ரல் 6, ராம நவமி. பிரதமர் வந்து புதுப் பாலத்தைத் திறந்துவைத்தார். 99 சாதாரணக் கண்கள், நடுவில் 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு கண். கப்பல் வந்தால் அந்தத் துண்டு மட்டும் லிஃப்ட் மாதிரி அப்படியே 17 மீட்டர் மேலே போகும். பழைய பாலத்தில் இரண்டு பக்கமும் கதவு மாதிரித் தூக்குவார்கள், அதுவும் ஆட்கள் கையால் சுற்றி. அன்று மத்தியானம் அப்பா மதுரையிலிருந்து போன் பண்ணினார்.

"திறந்துட்டாங்கடா."

"டி.வி.ல பாத்தேன்ப்பா."

"ம். அங்க மழை உண்டா?"

ஏப்ரல் மாதம் சென்னையில் ஏது மழை? நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டு என்ன செய்தேன்? ஏப்ரல்தானே, வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இத்தனை நடந்த பிறகும்! விழுப்புரத்துப் பாயசம் ஏன் இறங்கவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். "ஆகஸ்ட்ல ரெண்டு நாள் சி.எல். வேணும் சார், அப்பாவோட ராமேஸ்வரம்" என்று ஆரம்பித்து, ஆடிட் எப்படிப் பாதிக்காது, யார் என் வேலையைப் பார்ப்பார்கள் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிவந்த உரையை எடுப்பதற்குள் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "உங்க சி.எல். எல்லாம் அப்படியே கிடக்கே சார். நாலு நாளாப் போயிட்டு வாங்களேன்" என்றார். பத்து செகண்டு ஆகியிருக்கும். நான் வெளியே வந்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

டிக்கெட் போட்டேன். அப்பாவை இங்கே கூட்டிவந்து, சென்னையிலிருந்து ராத்திரி எக்ஸ்பிரஸில் நேரே ராமேஸ்வரம், ஏ.சி., லோயர் பெர்த். பெருமையாகப் போனில் சொன்னேன்.

"ஏண்டா, அது பாலத்தைத் தாண்டறப்ப விடிஞ்சிருக்குமா?"

விடிந்திருக்காது. நான் அதை யோசிக்கவே இல்லை.

"இருட்டுல தாண்டறதுக்கு எதுக்குடா துட்டு? அது நான் எத்தனையோ வாட்டி தாண்டியாச்சு. மதுரையில இருந்து காலையில ஒரு பாசஞ்சர் இருக்கு. பகல் வண்டி. அதுல போவோம்."

கேன்ஸல் பண்ணினேன். பிடித்தம் போக மீதி வந்தது. சீனியர் சிட்டிசன் சலுகை 2020 மார்ச்சோடு போனதால் எடுத்ததும் முழு டிக்கெட்தான்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. முதல் நாள் ராத்திரி பாண்டியனில் கிளம்பி விடியற்காலை மதுரையில் இறங்கினேன். அப்பா ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்தார். 82 வயது. சலவை வேட்டி, ஒரு மஞ்சள் பை, குடை, தங்கை கட்டிக் கொடுத்த புளிசாதம். "நீ காபி குடிச்சிட்டு வா. நான் டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார். பாசஞ்சரில் ஏறி ஜன்னலோரமாக இடம் பிடித்தார். பிடித்தவர் ஜன்னலில் உட்காரவில்லை. அங்கே துண்டைப் போட்டுவிட்டு, அடுத்து தான், அதற்கடுத்து நான். "ஜன்னல்ல உக்காருங்கப்பா" என்றேன். "வெயிலு" என்றார். வெயிலே வரவில்லை.

ரயில் கிளம்பியது. சிலைமான் வந்ததும், "கீழடி இங்கிட்டுத்தான்" என்றார். திருப்பாச்சேத்தி வந்ததும் எதிர் சீட்டில் ஒருவர் அரிவாள் பற்றிப் பேச ஆரம்பித்தார். மானாமதுரையில் கூட்டம் ஏறியது. "ஐயா, இங்க ஆள் வருதா?" என்று துண்டைக் காட்டி இரண்டு பேர் கேட்டார்கள். "வருது" என்றார் அப்பா. ஆற்றில் தண்ணீர் இல்லை. வைகை கடலுக்குப் போகாத நதி. ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு அதன் யாத்திரை முடிகிறது. சின்ன வயதில் இதை எனக்குச் சொல்லித் தந்ததும் அப்பாதான். அந்த லைனில் எந்தக் கிராமம் எந்தத் தபாலாபீஸுக்குக் கீழே என்று இன்னமும் அவருக்கு அத்துப்படி. ஸ்டேஷன் போர்டு வருவதற்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார். (2025-ல் ரெஜிஸ்தர் தபாலை ஸ்பீடு போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அந்தச் செய்தியை நானாக அவரிடம் சொல்லவில்லை.)

பரமக்குடியில் ஒரு அம்மாள் ஏறினாள். அறுபதுக்கு மேலிருக்கும். கையில் காலிக் கூடைகள், கருவாட்டு வாசனை. ஆள் வருதா என்றெல்லாம் கேட்கவில்லை. துண்டை எடுத்து அப்பா மடியில் போட்டுவிட்டு, "தள்ளுங்கய்யா" என்று ஜன்னலோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் திக்கென்றது. அப்பா தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். சொல்லப் போனால் அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தாராளமாக மூச்சு விட்டார்.

பாம்பன்காரி. கருவாட்டைக் கடைகளில் போட்டுவிட்டுத் திரும்புகிறாள். "ரெண்டு வருசத்துக்கு மேல ரயிலு இல்லாம சீரழிஞ்சு போனோம்யா. பஸ்ஸுல கூடையை ஏத்த விடமாட்டாங்க, நாறுதும்பாங்க. திங்கிறப்ப நாறாது" என்றாள்.

ராமநாதபுரத்தில் டி.டி.ஆர். ஏறினார். அப்பா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

"மூணு பேருக்குப் போட்டிருக்கு. இன்னொருத்தர் எங்க?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரல சார்" என்றேன். "வர்றதா இருந்தது. வரல."

"கம்மியா எடுத்தாத்தான் எங்களுக்குக் கவலை" என்று சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை இரண்டாக மடித்து மறுபடி சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உச்சிப்புளி தாண்டியதும் காற்றே மாறிவிட்டது. மண்டபம் வந்ததும் பெட்டி முழுக்க எழுந்து நின்றது. வாசலில் ஏழெட்டுப் பேர், ஜன்னலுக்கு ஜன்னல் செல்போன். அப்பாவைப் பார்த்தால் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. இதற்காகத்தான் வந்தோம், நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்துவிட்டு இப்போதா தூங்குவார் மனுஷன்?

"அப்பா, பாலம்! பாலம் வந்துருச்சு!" தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"தூங்கலடா" என்றார் கண்ணைத் திறக்காமலே. "கேட்டுக்கிட்டிருக்கேன். சும்மா இரு."

இரண்டு பக்கமும் கடல். சற்றுத் தள்ளிப் பழைய பாலம், துருப்பிடித்து, ரயில் இல்லாமல், கூடவே வந்தது. வயதான காலத்தில் பழைய பாலம் பத்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விடாது. புதுசில் 75 வரை போகலாம், நடுக்கண்ணில் 50. இரண்டு கிலோமீட்டர்தானே, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுமோ என்று எனக்கு ஒரே பதைப்பு. நல்லவேளையாக டிரைவர் நிதானமாகத்தான் போனார். தூக்குப்பாலத்துக் கோபுரங்களுக்கு நடுவே நுழையும்போது அப்பா கண்ணைத் திறந்தார்.

"சத்தம் வேற மாதிரி இருக்கு" என்றார். "தொம் தொம் இல்ல."

பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார். கருவாட்டுக்காரம்மாள் கடல் பக்கம் திரும்பக்கூட இல்லை. சுருக்குப் பையைப் பிரித்து நோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். அப்பா இப்படிக் கழுத்தை நீட்டுவதைப் பார்த்து, "என்னய்யா, மொதத் தடவையா?" என்றாள்.

"நூறு தடவைக்கு மேல போயிருக்கேன்மா. தபால் வேன்ல. தலை குனிஞ்சு விலாசம் படிச்சுக்கிட்டே" என்றார் அப்பா. "பாக்குறது மொதத் தடவை."

அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, அவருக்கு ஜன்னலை விட்டாள்.

பாம்பன் ஸ்டேஷனில் கூடைகளோடு இறங்கிப் போய்விட்டாள்.

ராமேஸ்வரத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருபத்திரண்டு தீர்த்தம் முழங்காலுக்கு ஆகாது என்று கோயிலின் நீண்ட பிராகாரத்தில் மட்டும் மெதுவாக ஒரு சுற்று வந்தோம். அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அப்பா எழுந்து போய் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்கால் அளவு தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் ஏதாவது பேசினாரா தெரியாது. திரும்பி வந்து, "உப்பு ஜாஸ்தி" என்றார். புளிசாதத்தில்.

மறுநாள் திரும்புகிற வண்டிக்கு நான் டிக்கெட் எடுக்கப் போனேன். "இரு, நான் எடுக்கறேன்" என்று முன்னால் போனார். கவுன்ட்டர் கண்ணாடிக்கு எதிரே இரண்டு விரலைக் காட்டி, "மதுரைக்கு ரெண்டு" என்றார்.

வண்டியில் ஏகக் கூட்டம். ஒரு காலேஜ் பையன் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தான். நான் பரமக்குடி வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.